மேல்மலையில் மூன்று நாள்: பூம்பாறை, மன்னவனூர் பக்கம் தங்கியவர்கள் சொல்லுங்களேன்

நிலாமுற்றம் | டிசம்பர் 9, இரவு 9.40

வணக்கம். பொங்கல் முடிந்து அடுத்த வாரம் கொடைக்கானல் போவதாக வீட்டில் முடிவாகிவிட்டது. நான், வீட்டுக்காரர், 9 வயது மகன், 67 வயது அம்மா. அம்மாவுக்கு மூட்டு வலி. மெதுவாக ஏறிவிடுவார், இறங்குவதுதான் கஷ்டம். சிவகாசியிலிருந்து சொந்தக் காரில் வருகிறோம்.

ஊருக்குள் ஏற்கெனவே மூன்று முறை சுற்றியாகிவிட்டது. ஏரியைச் சுற்றி சைக்கிள், தூண் பாறையில் மூடுபனி, சுட்ட சோளம், சாக்லேட், கடைசியில் மூஞ்சிக்கல்லில் இரண்டு மணி நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது. இந்த முறை அதைத் தாண்டி மேல்மலைக் கிராமங்களில் தங்க ஆசை.

என் திட்டம் இதுதான். முதல் நாள் பிரையண்ட் பூங்கா, குறிஞ்சி ஆண்டவர் கோயில், பூம்பாறை. இரண்டாம் நாள் மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை. மூன்றாம் நாள் பேரிஜம், வட்டக்கானல், வெள்ளகெவி, அப்படியே தாண்டிக்குடி வழியாக இறங்கி வீடு.

சரிவருமா? எதையாவது விட்டுவிட்டேனா?

பூண்டுக்காடு | டிசம்பர் 9, இரவு 10.15

ஒன்றை விட்டுவிட்டீர்கள் அக்கா, தூக்கம்.

எனக்குச் சொந்த ஊர் பூம்பாறை. இப்போது கொடைக்கானலில் வேலை. பூம்பாறை இங்கிருந்து சுமார் 20 கி.மீ., மன்னவனூர் சுமார் 35. மேப்பில் பார்த்தால் கைக்கெட்டும் தூரம். எதிரே அரசு பஸ் ஒன்று வந்தால் அப்போது தெரியும், ஒதுங்க இடம் தேடி எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டும் என்று. அந்த ரோட்டில் கிலோமீட்டரைக் கணக்குப் பார்க்காதீர்கள், மணியைப் பாருங்கள். மன்னவனூருக்கு நிறுத்தாமல் போனாலே ஒன்றரை மணி நேரம். நிறுத்தாமல் யாரும் போனதில்லை.

வெள்ளகெவியைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். அது கார் நுழையும் ஊர் இல்லை. வட்டக்கானலில் வண்டியை விட்டுவிட்டு டால்பின் மூக்குப் பாறை வழியாகச் செங்குத்தாகக் கீழே இறங்க வேண்டும். நீங்களே சொல்கிறீர்கள், அம்மாவுக்கு இறக்கம் ஆகாது என்று.

சில்வண்டு | டிசம்பர் 10, காலை 7.02

மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் கோயம்புத்தூர். பதினைந்து வருடமாகப் பழனி மலையில் நடந்துகொண்டிருக்கிறேன்.

வெள்ளகெவி பற்றி ஒரு வார்த்தை, நடக்க முடிந்தவர்களுக்காக. ரோடு வருவதற்கு முன்னால் பெரியகுளம் பக்கமிருந்து கால்நடையாகவும் டோலியிலும் குதிரையிலும் மலை ஏறிய காலத்தின் மிச்சம் அந்தப் பாதை. அமெரிக்க மிஷனரிகள் 1845ல் மேலே வந்து வீடு கட்டியபோது கார் ரோடா இருந்தது? வத்தலக்குண்டு வழியாக மோட்டார் வண்டி ஏற இன்னும் எழுபது வருடம் ஆனது. வெள்ளகெவிக்காரர்கள் ஊர் எல்லைக்குள் செருப்புப் போட மாட்டார்கள். ஊரே கோயில் என்பது கணக்கு. போகிறவர்களும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் முதல் முறை போனபோது தெரியாமல் ஷூவோடு நின்றேன். ஒரு பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது போதாதா.

மலையேற்றம் என்று யாராவது கூட்டிப் போனால் வனத்துறை அனுமதிச் சீட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் அத்தனை பேர் போனதற்குப் பிறகு விதிகள் மாறிவிட்டன. இப்போது அரசே ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 2024லிருந்து இணையத்தில் பதிவு நடத்துகிறது. எனக்கே அதற்கு முன் ஓர் அனுபவம் உண்டு. ‘எல்லாம் பேசியாச்சு சார்’ என்று ஒருவர் பதினோரு பேரிடம் பணம் வாங்கினார். பாதி வழியில் வனக்காவலர் நிறுத்திக் கேட்டபோது ஆளையே காணோம். அபராதம் கட்டி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினோம்.

நிலாமுற்றம் | டிசம்பர் 10, காலை 11.20

இருவருக்கும் நன்றி. வெள்ளகெவி போச்சு. பேரிஜம்?

பூண்டுக்காடு | டிசம்பர் 10, மதியம் 1.05

பேரிஜம் காப்புக்காட்டுக்குள் இருக்கிறது. கொடைக்கானலில் வனத்துறை அலுவலகத்தில் காலையிலேயே போய் அனுமதி வாங்க வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளைத்தான் விடுவார்கள். யானை நடமாட்டம் இருந்தால் அதுவும் கிடையாது. அரை நாள் அதற்கே போய்விடும். ஏரி அழகுதான், பெரியகுளத்துக்குக் குடிதண்ணீர் அங்கிருந்துதான் போகிறது, அதனால் சுத்தமாகவும் இருக்கும். ஆனால் இருப்பது மூன்றே நாள். எனக்கென்னவோ விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது.

மஞ்சள்பை | டிசம்பர் 10, மாலை 6.30

குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். கிளாவரை கேரளா எல்லை என்கிறார்களே, அப்படியே மூணாறு போய்விடலாமா? அப்புறம் ஜனவரியில் குறிஞ்சிப் பூ இருக்குமா?

சில்வண்டு | டிசம்பர் 10, மாலை 7.11

குறிஞ்சி கடைசியாகப் பூத்தது 2018. அடுத்தது 2030. ஜனவரி 2030லும் இருக்காது, ஆகஸ்ட், செப்டம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது போனால் செடி பார்க்கலாம். அதுவும் பசுமையாக நன்றாகத்தான் இருக்கும்.

மூணாறுக்கு அந்த வழியில் வண்டி போகாது. பேரிஜம் வழியாகக் கொடைக்கானல்-மூணாறு ரோடு ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் கடற்கரையில் இறங்கினால் தப்பித்து ஓட என்று சீர்செய்தது என்பார்கள். 1990ல் மூடிவிட்டார்கள், இப்போது காடு தின்றுவிட்டது. நீங்கள் மலை இறங்கி, தேனி, போடி, போடிமெட்டு என்று சுற்றித்தான் போக வேண்டும். கிளாவரைக்காரர்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம் வட்டவடை, கோவிலூரில் சொந்தபந்தம் உண்டு. அங்கேயும் வீட்டில் பேசுவது தமிழ்தான். ஒருவருக்கு அது மூணாறு, இன்னொருவருக்கு மாமன் வீடு.

ரவுண்டானா | டிசம்பர் 10, இரவு 11.48

எனக்கு இந்த இழையே பிடிக்கவில்லை. சொல்லிவிடுகிறேன்.

வட்டக்கானல் எப்படி இருந்தது என்று 20 வருடத்துக்கு முன் பார்த்தவன் நான். யாரோ ஒருவர் எழுதினார், யாரோ படம் போட்டார், இன்று அங்கே நிற்க இடமில்லை. இப்போது கூக்கால், கவுஞ்சி, போளூர் என்று ஒவ்வொரு பெயராகப் பட்டியல் போட்டுக் கொடுக்கிறீர்கள். இன்னும் இரண்டு வருடத்தில் கூக்கால் ஏரிக்கரையிலும் சுட்ட சோளம் விற்பான். தெரிந்தவர்கள் தெரிந்துகொண்டு பேசாமல் இருந்தால் என்ன?

பூண்டுக்காடு | டிசம்பர் 11, காலை 6.50

அண்ணே, எங்கள் ஊரை மறைத்து வைக்கச் சொல்லி உங்களிடம் யார் சொன்னது?

கோபமாகக் கேட்கவில்லை. சரி, கொஞ்சம் கோபம்தான். நீங்கள் 20 வருடத்துக்கு முன் வந்து பார்த்தபோது நாங்கள் அங்கே இருந்தோம். அப்போதும் பூண்டு விலை ஒரு வருடம் ஏறும், மறு வருடம் கூலிக்குக்கூடக் கட்டாது. மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். ஆனால் வடுகபட்டிச் சந்தையில் மூட்டையை இறக்கும்போது வியாபாரி பார்ப்பது பல் அளவையும் ஈரத்தையும்தான், சான்றிதழை இல்லை. வீட்டில் ஓர் அறையைச் சுத்தம் செய்து வருகிறவர்களுக்கு விட்டால் அந்த வருடம் பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ். இதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் வருகிறவர்களைப் பற்றி எனக்கும் சொல்ல இருக்கிறது. போன வருடம் எங்கள் சித்தப்பா தோட்டத்தில் நடந்தது. எங்கள் ஊரில் வயல் எல்லாம் படிக்கட்டு மாதிரி, ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் கல் அடுக்கிய வரப்பு. மேலே ரோட்டில் நின்று பார்த்தால் படம் நன்றாக வரும். அதோடு விட்டால் பரவாயில்லை. ஏழு பேர் இறங்கி வந்து தட்டு ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்து படம் எடுத்தார்கள். பூண்டு அப்போது விரல் உயரம். எழுந்து போன பிறகு பார்த்தால் ஏழு இடத்தில் தாள் படுத்துக் கிடக்கிறது, கல் இரண்டு சரிந்து கீழ்த்தட்டில் விழுந்திருக்கிறது. கல் சரிந்தால் அடுத்த மழையில் மண் போகும். சித்தப்பா கத்தவில்லை. கல்லை எடுத்து மறுபடி வைத்தார், அவ்வளவுதான். அவர்கள் கேட்டிருந்தால் அவரே நல்ல இடம் காட்டியிருப்பார்.

வாருங்கள், தங்குங்கள். வயலுக்குள் இறங்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ரவுண்டானா | டிசம்பர் 11, காலை 9.15

நீங்கள் அறை விடுவதை நான் குறை சொல்லவில்லை. வெளியூர்க்காரன் இடம் வாங்கி, கூடாரம் போட்டு, ராத்திரி ஒரு மணிக்கு ஸ்பீக்கர் வைக்கிறான் பாருங்கள், அதைச் சொல்கிறேன்.

பூண்டுக்காடு | டிசம்பர் 11, காலை 9.22

அதில் நானும் உங்கள் கட்சி.

கடைசிபஸ் | டிசம்பர் 11, மாலை 4.40

இந்த இழையைத் தாமதமாகத்தான் பார்த்தேன். நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். மேல்மலைப் பள்ளி ஒன்றில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். வார இறுதியில் வத்தலக்குண்டு, திங்கள் அதிகாலை மறுபடி மேலே. என்னைக் கேட்டால் காரைக் கொடைக்கானலில் விட்டுவிட்டு ஒரு தடவையாவது பஸ்ஸில் போய்ப் பாருங்கள் அம்மா.

அந்த பஸ் ஆட்களை ஏற்றுவதற்கு மட்டும் ஓடவில்லை. முன் இருக்கைக்குப் பக்கத்தில் தினசரிக் கட்டு, மருந்துக்கடைப் பொட்டலம், யாரோ ஒருவரின் பழுது பார்த்த மிக்ஸி, முளைக்கட்டிய உருளைக்கிழங்கு விதை மூட்டை. மருந்துப் பொட்டலத்தில் பெயர்கூட எழுதியிருக்காது. கண்டக்டருக்குத் தெரியும், எந்த வளைவில் யார் நிற்பார் என்று. வண்டி நிற்காமல் மெதுவாகும், கை நீளும், பொட்டலம் மாறும். எதிர்த் திசையில் பூண்டு மூட்டை இறங்கி வரும் நாளில் சட்டையைத் துவைத்தாலும் வாசம் போகாது. வத்தலக்குண்டில் என் மனைவி வாசலிலேயே சட்டையைக் கழற்றச் சொல்வார்.

ஜனவரி என்றதால் ஒன்று. கொடைக்கானலில் ஜிம்கானா, கீழ்பூமி மாதிரிப் பள்ளமான இடங்களில் டிசம்பர் கடைசி முதல் உறைபனி விழும். மன்னவனூர்ப் புல்வெளியிலும் அப்படித்தான். பனி பள்ளத்தில்தான் சேரும், மேட்டில் அவ்வளவு இருக்காது. அதனால் தங்கும் இடம் பள்ளத்திலா மேட்டிலா என்று கேட்டுக்கொள்ளுங்கள், வயதானவர் இருக்கிறார். காலை ஏழு மணிக்குப் புல்லெல்லாம் உப்புத் தூவின மாதிரி இருக்கும். எட்டரைக்கு வெயில் பட்டதும் ஒன்றுமே நடக்காத மாதிரி பச்சை. பார்க்க வேண்டும் என்றால் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் எழுந்திருக்க வேண்டும்.

ஸ்வெட்டர் ஒன்று கனமாகப் போடுவதைவிட மெல்லிய துணி மூன்று அடுக்கு நல்லது. குல்லா, சாக்ஸ் மறக்கக் கூடாது. பணம் ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், சிக்னல் போனால் ஸ்கேன் செய்து கட்டவும் முடியாது. பெட்ரோலைக் கொடைக்கானலிலேயே நிரப்பிவிடுங்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ரோட்டில் இருக்காதீர்கள். மூடுபனியில் காட்டெருமை நின்றால் கருப்பாக ரோடு மாதிரியே இருக்கும், பக்கத்தில் போன பிறகுதான் கண் தெரியும்.

நிலாமுற்றம் | டிசம்பர் 11, இரவு 8.30

வாத்தியார் ஐயா, கடைசி வரியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ‘ஐந்து மணிக்கே ரூமுக்குப் போய்விட வேண்டும்’ என்று உத்தரவு போட்டுவிட்டார்.

திட்டத்தை வெட்டிவிட்டேன். ஓர் இரவு பூம்பாறை, இரண்டு இரவு மன்னவனூர். முடிந்தால் கூக்கால். தாண்டிக்குடி வழியாக இறங்கலாமா, வேண்டாமா?

கீழ்மலைக்காப்பி | டிசம்பர் 12, காலை 8.05

எங்கள் பக்கத்தைக் கடைசி நாள் ‘வழியில்’ பார்க்கிற இடமாக வைத்ததற்கே நான் கோபித்துக்கொள்ள வேண்டும் :)

மேல்மலை வேறு, கீழ்மலை வேறு. மேலே பூண்டு, கேரட், உருளை, பட்டாணி, குளிர். எங்களுக்குக் காப்பி, மிளகு, ஏலம், ஆரஞ்சு, மலைவாழை. உயரமும் குறைவு, நிழலும் அதிகம். விருப்பாச்சி வாழை தெரியுமல்லவா, பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போவது. 2008லேயே புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. எங்கள் அப்பா காலத்தில் காப்பிச் செடிக்கு நிழலாக இந்த வாழைதான் தோட்டம் முழுக்க நின்றது. முடிக்கொத்து நோய் வந்து அழித்ததில் இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும். நோய் வந்த கன்றின் உச்சியில் இலை எல்லாம் குட்டையாக, நேராக, ஒரே கொத்தாக நிற்கும். தார் போடாது. பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. நான் பிடுங்கியதில் கணக்கில்லை. இப்போது நாலைந்து கட்டைகளைத் தனியாகப் பிரித்து வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

தாண்டிக்குடியில் பாலமுருகன் கோயில் இருக்கிறது. முருகன் இங்கிருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்ததால் தாண்டிக்குதி, அதுவே தாண்டிக்குடி என்பது ஊர்க்கதை. பக்கத்தில் கற்திட்டைகள் இருக்கின்றன. பெரிய பலகைக் கல்லை நாலு பக்கமும் நிறுத்தி மேலே ஒன்றைக் கவிழ்த்த மாதிரி, அந்தக் காலத்து ஈமச் சின்னங்கள். குழந்தையைக் கூட்டிப் போங்கள், மேலே ஏற விடாதீர்கள்.

இறங்கும் வழி பெரும்பாறை, சித்தரேவு, அய்யம்பாளையம். புல்லாவெளி அருவியைத் தூரத்தில் நின்று பாருங்கள், போதும். அங்கே பாறை வழுக்கும், போனவர்கள் சிலர் திரும்பவில்லை. யானை வரும் பாதையும் அதுதான், அதனால் பகலில் இறங்குங்கள். சிவகாசிக்காரர்களுக்கு இது ஒன்றும் பெரிய சுற்று இல்லை.

மஞ்சள்பை | டிசம்பர் 12, காலை 10.40

இ-பாஸ் இன்னும் இருக்கிறதா? எங்கள் மாமா இல்லாமலே போய் வந்தேன் என்கிறார்.

சில்வண்டு | டிசம்பர் 12, மதியம் 12.15

உங்கள் மாமா அரசு பஸ்ஸில் போயிருப்பார். பஸ் பயணிகளுக்கு வேண்டாம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள், கொடைக்கானலுக்கு வார நாளில் 4000 வண்டி, வார இறுதியில் 6000. சீசனுக்குச் சீசன் மாற்றுகிறார்கள், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் எதுவும் இல்லை, ஐந்து நிமிட வேலை.

தண்ணீர் பாட்டிலும் கவனம். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் இருந்தால் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி.

ரவுண்டானா | டிசம்பர் 12, மதியம் 12.50

4000 வண்டி என்பதை ‘வரம்பு’ என்று சொல்கிறோம். நல்லது.

மட்டுறுத்துநர் | டிசம்பர் 12, மதியம் 2.00

இ-பாஸ் விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே தொடர வேண்டாம். தங்கும் விடுதி பெயர், தொலைபேசி எண் போட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தனிமடலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூண்டுக்காடு | ஜனவரி 14, காலை 7.30

அனைவருக்கும் இனிய பொங்கல் வாழ்த்துகள். அக்கா, அடுத்த வாரம் வருகிறீர்கள்தானே? மூன்று நாளாகக் காலையில் நல்ல பனி. பூம்பாறையில் கோயிலுக்குக் காலையில் போங்கள். குழந்தை வேலப்பர் கோயில் பழனி தேவஸ்தானத்தின் உபகோயில்தான், சிலையைப் போகர் செய்ததாக ஐதீகம். குழந்தை என்று ஏன் பெயர் என்று உங்கள் பையனிடம் சொல்லுங்கள். அருணகிரிநாதர் இங்கே தூங்கிக்கொண்டிருந்தபோது ராட்சசி ஒருத்தி கொல்ல வந்தாளாம். முருகன் குழந்தை உருவில் வந்து நின்றதும் தாயும் பிள்ளையும் என்று நினைத்துத் திரும்பிவிட்டாளாம். எங்கள் பாட்டி இந்தக் கதையைச் சொல்லும்போது ராட்சசியை ரொம்ப நல்லவளாக்கிவிடுவார்.

நிலாமுற்றம் | ஜனவரி 27, இரவு 9.10

போய் வந்துவிட்டோம்! விவரமாக எழுதச் சொன்னவர்களுக்காக.

முதலில் அசடு வழிந்த கதை. இ-பாஸ் சரியாக எடுத்திருந்தோம். ஆனால் பின்சீட்டுக்கு அடியில் வீட்டுக்காரர் அரை லிட்டர் பாட்டில் ஆறு வைத்திருந்தது எனக்கே தெரியாது. சோதனைச் சாவடியில் 120 ரூபாய். அதற்கப்புறம் கொடைக்கானல் வரை காரில் யாரும் பேசவில்லை.

பூம்பாறையில் நாங்கள் தங்கிய வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, திண்ணையில் நாலு பெண்கள் பூண்டு பிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ‘கொஞ்ச நேரம் உட்காருகிறேன், நீங்கள் போய்ப் பாருங்கள்’ என்றார். நாங்கள் வியூ பாயிண்ட், கோயில் எல்லாம் போய் இரண்டு மணி நேரம் கழித்து வந்தால், அம்மா மடியில் ஒரு முறம், கையில் பூண்டு. வேரைக் கிள்ளுவது எப்படி என்று அந்த அக்காவுக்கே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவரும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் வீட்டுக்குள் கூட்டிப் போய்க் காட்டினார்கள். கூரைக்குக் கீழே மூங்கில் பரண். தாளை அறுக்காமல் கட்டுக் கட்டாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கீழே புகைமூட்டம். புகை பட்டுப் பட்டுத் தோல் செம்மண் நிறத்துக்கு வந்திருக்கிறது. அப்படி வைத்தால் அடுத்த விதைப்பு வரை கெடாதாம். உள்ளே போன உடனே எனக்குக் கண்ணில் தண்ணீர். பையன் ‘இது பூண்டுக்கு ஸ்மோக் ரூமா, நமக்கா’ என்று கேட்டான்.

மன்னவனூரில் பனி பார்த்தோம் ஐயா. ஆறே முக்காலுக்கு எழுப்பினேன். கார் கூரை மேல் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பையன் தன் ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலால் சுரண்டி எடுத்து உருண்டை பிடிக்கப் பார்த்தான். உருண்டை வரவில்லை, விரல்தான் விறைத்தது. அன்று முழுக்க அவனுக்கு ஆட்டுப் பண்ணைதான். மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம். பாரத் மெரினோ என்ற இனம், உடம்பெல்லாம் கம்பளி, கண்ணே தெரியவில்லை. முயல்களும் வைத்திருக்கிறார்கள். ஏரியில் பரிசல் போகலாம் என்றார்கள். அம்மா கரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

கூக்காலில் எங்களுக்கு ஏரியே கிடைக்கவில்லை. போனோம், கரை வரை நடந்தோம், ஏரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. தண்ணீரில் நாணல் சலசலக்கும் சத்தம் மட்டும் கேட்டது. டீக்கடை அண்ணன் ‘பதினொரு மணிக்கு விலகும்’ என்றார். பதினொன்றுக்கு ‘பன்னிரண்டுக்கு’ என்றார். மூன்று டீ குடித்தோம். விலகவில்லை. ரவுண்டானா அண்ணன் சந்தோஷப்படலாம், எங்களிடம் கூக்கால் படம் ஒன்றுகூட இல்லை.

குறை என்றால் ஒன்று. மன்னவனூரில் தங்கிய இடத்தில் சுடுதண்ணீர் 24 மணி நேரமும் என்று சொல்லியிருந்தார்கள். காலை ஏழிலிருந்து எட்டு வரை, அதுவும் ஒரு வாளி. கேட்டதற்கு ‘மலையில் இப்படித்தான் மேடம்’ என்றார்கள். இப்படித்தான் என்று முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

பஸ்ஸில் ஒரு தடவை போனோம், மன்னவனூரிலிருந்து பூம்பாறைக்கு. அம்மாவும் பையனும் மட்டும் பஸ், நாங்கள் பின்னால் காரில். இறங்கும்போது அம்மாவிடம் யாரோ ஒருவரின் ரேஷன் கார்டு இருந்தது. பூம்பாறை நிறுத்தத்தில் நிற்பவரிடம் கொடுக்கச் சொன்னார்களாம். கொடுத்தார்.

கடைசிபஸ் | ஜனவரி 27, இரவு 10.02

ரேஷன் கார்டு! அம்மாவை வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள்.

ரவுண்டானா | ஜனவரி 27, இரவு 10.30

சந்தோஷம்தான். தாண்டிக்குடி என்ன ஆனது?

நிலாமுற்றம் | ஜனவரி 28, காலை 8.45

இறங்க நேரமில்லை. பூம்பாறையிலிருந்து கிளம்பவே மதியம் ஆகிவிட்டது, அம்மா விடைபெற அவ்வளவு நேரம். பகலில் இறங்கச் சொன்னீர்களே என்று வத்தலக்குண்டு வழியாகவே வந்துவிட்டோம். வழியில் டம்டம் பாறையில் நிறுத்தி எலிவால் அருவியைப் பார்த்தோம். கீழ்மலைக்காப்பி அண்ணா, மன்னித்துக்கொள்ளுங்கள்.

கீழ்மலைக்காப்பி | ஜனவரி 28, காலை 9.30

மன்னிப்பெல்லாம் வேண்டாம். காப்பிப் பழம் பறிப்பு முடிகிற நேரம், வந்திருந்தால் உங்கள் அம்மா எங்கள் களத்திலும் உட்கார்ந்திருப்பார். ஒரு கூலி மிச்சமாகியிருக்கும்.

நிலாமுற்றம் | ஜனவரி 28, காலை 9.50

:) பூண்டுக்காடு தம்பிக்கு ஒரு கேள்வி. அந்த அக்கா கிளம்பும்போது தாளோடு இரண்டு கட்டு கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. அதை இங்கே சமையலறையில் ஜன்னல் பக்கம் தொங்கவிட்டிருக்கிறோம். சிவகாசி வெயிலுக்குத் தாங்குமா? ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

பூண்டுக்காடு | ஜனவரி 28, மதியம் 1.20

ஃபிரிட்ஜ் வேண்டாம், முளைத்துவிடும். பிளாஸ்டிக் பையும் வேண்டாம். ஜன்னலில் நேர் வெயில் படாமல் அடுப்பு இருக்கும் பக்கம் மாற்றுங்கள். விறகு அடுப்பு இல்லாததால் எங்கள் வீட்டு மாதிரி வருடக்கணக்கில் நிற்காது. சித்திரை வெயிலுக்கு முன் சமைத்து முடித்துவிடுங்கள். பல் சின்னதாக இருக்கும், காரம் அதிகம். ரசத்துக்குக் கடைப் பூண்டு நாலு போடுகிற இடத்தில் இது இரண்டு போதும்.

நிலாமுற்றம் | ஜனவரி 28, மாலை 5.15

ஒரு கட்டு சமையலுக்கு. இன்னொன்றில் கை வைக்கக் கூடாதாம், அம்மா அதை மாடியில் தொட்டியில் ஊன்றிப் பார்க்கப் போகிறாராம். சிவகாசியில் வராது என்று நானும் வீட்டுக்காரரும் சொல்லியாகிவிட்டது. தொட்டிக்கு மண் வாங்கிவரச் சொல்லி இப்போதுதான் அனுப்பினார்.